டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பேச்சே வருவதில்லை. ராத்திரி சுகர் ரொம்ப இறங்கி ‘லோ’ ஆகிவிடுமோ என்ற பயத்தை எப்படிச் சொல்வது?

இரவுப்பறவை:

வணக்கம். எனக்கு 17 வயது. பத்து வயதில் டைப் 1 நீரிழிவு வந்தது. ஒரு நாளைக்கு நாலு இன்சுலின் ஊசி, கையில் சுகர் பார்க்கும் சென்சார், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக். நோயைப் பற்றிக் கேட்க இங்கே வரவில்லை. கிளினிக்கில் பேசுவதைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

நாங்கள் உள்ளே போய் உட்காருவதற்குள் டாக்டர் ரிப்போர்ட்டைத் திறந்திருப்பார். மூணு மாச சுகர் சராசரி (எச்பிஏ1சி) இந்தத் தடவை 8.8. “போன தடவை 8.1 இருந்ததே, என்னம்மா ஆச்சு?” என்று என்னைத்தான் கேட்பார். பதில் அம்மாவிடமிருந்து வரும். “படுக்கப் போகும்போது எதையாவது எடுத்துச் சாப்பிடுறா டாக்டர். சொன்னா கேக்கிறதே இல்ல.” அவர் தலையாட்டிக்கொண்டே ராத்திரி போடும் நீண்ட நேர இன்சுலினில் இரண்டு யூனிட் ஏற்றி எழுதுவார். “கவனமா இரும்மா” என்பார். நான் “சரி டாக்டர்” என்பேன். அதற்குள் அடுத்தவர் கதவருகில் நிற்பார்.

எனக்கு ராத்திரியைக் கண்டால் பயம். வாரத்தில் மூன்று நாள் மாலையில் கால்பந்து ஆடுவேன். போன வருடம் அப்படி ஆடிவிட்டுப் படுத்த ஒரு ராத்திரி, எத்தனை மணி என்று தெரியாது, விழிப்பு வந்தது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. தலைமாட்டில் குளுக்கோஸ் மாத்திரைக் குப்பி இருந்தது. அதை எடுத்துவிட்டேன். ஆனால் மூடியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. தினமும் திறக்கிற குப்பி. கையில் வைத்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரையாவது கூப்பிட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அப்புறம் எப்படியோ திறந்தது. சாப்பிட்டேன். கொஞ்சம் தெளிந்த பிறகு மீட்டரில் பார்த்தால் சுகர் 41. அப்போது எனக்கு சென்சார் கிடையாது.

அன்றிலிருந்து 200க்குக் கீழே இருந்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. 150 காட்டினால் எதையாவது சாப்பிட்டு ஏற்றிக்கொண்டுதான் படுக்கிறேன். சீட்டில் இருப்பது 26 யூனிட். நான் போடுவது 20. அவர் ஏற்றி எழுத எழுத, நான் அதே 20இல் நிற்கிறேன். சராசரி இறங்கவில்லை என்று அவர் இன்னும் ஏற்றுகிறார்.

டாக்டர் நல்லவர். ஒரு நாளும் திட்டியதில்லை. இருந்தும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு வாய் வருவதில்லை. “26 போடவில்லை” என்று சொன்னால் பக்கத்தில் அம்மா இருக்கிறார், வீட்டுக்குப் போனதும் பெரிய பேச்சாகிவிடும். “தைரியமாகச் சொல்லிவிடு” என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அதற்கு மேல், எப்படி ஆரம்பிப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

பழையபேனா:

தங்கைக்கு வணக்கம். எனக்கு எட்டு வயதில் டைப் 1. இப்போது முப்பதைத் தாண்டிவிட்டேன். நீங்கள் சொல்லும் அந்தக் குப்பி மூடி எனக்கு நன்றாகப் புரிகிறது. மூளைக்கு குளுக்கோஸ் போகாத நேரத்தில் புத்திசாலித்தனம் எதுவும் உதவாது. அதனால் அந்தப் பயத்தை அசட்டுப் பயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எப்படிச் சொல்வது என்பதற்கு முன்னால், ஏன் சீக்கிரம் சொல்ல வேண்டும் என்று ஒரு விஷயம். நாளைக்கே உங்களுக்குக் காய்ச்சல், வாந்தி என்று ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள் என்று வையுங்கள். இரவுப் பணியில் இருக்கும் டாக்டருக்கு உங்களைத் தெரியாது. சீட்டைப் பார்ப்பார். 26 என்று இருக்கும், இன்னும் இரண்டு தடவை போய் வந்தால் 30 என்று இருக்கும். அதைத்தான் போடச் சொல்வார். உங்கள் உடம்போ இத்தனை நாளாக 20இல் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த ராத்திரிக்குப் பயந்து குறைத்தீர்களோ, அதே ராத்திரி அந்தக் கட்டிலில் வந்து நிற்கும். சீட்டில் இருக்கும் எண்ணும் உடம்புக்குள் போகும் எண்ணும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். இதில் நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்ற பேச்சே இல்லை.

சரி, இப்போது எப்படி என்று பார்ப்போம். ரிப்போர்ட் திறந்த பிறகு நீங்கள் எதைச் சொன்னாலும் அது 8.8க்குச் சொல்லும் சமாதானம் போலத்தான் கேட்கும். எவ்வளவு நல்ல டாக்டராக இருந்தாலும் அப்படித்தான். அதனால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டும். “டாக்டர், ரிப்போர்ட் பார்க்கிறதுக்கு முன்னாடி இதைப் படிக்கிறீங்களா?” இந்த ஒரு வரியைத்தான் நீங்கள் வாயால் சொல்ல வேண்டும். மீதி எல்லாம் ஒரு தாளில் இருக்கட்டும். அரைப் பக்கம் போதும். தாளில் இருப்பதை யாரும் பாதியில் மறிக்க முடியாது. உங்களுக்குப் பதிலாக அம்மா அதற்குப் பதில் சொல்லவும் முடியாது.

அந்தத் தாளில் மன்னிப்பு எதுவும் வேண்டாம். அந்த ராத்திரியை எழுதுங்கள். இங்கே எழுதியது போலவே எழுதுங்கள். குப்பி, மூடி, 41. இதைப் படித்துவிட்டு எந்த டாக்டரும் “கவனமா இரும்மா” என்று சொல்லி அனுப்ப மாட்டார்.

வெள்ளைத்தொப்பி:

குழந்தைகள், இளையோர் நீரிழிவுப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். மேலே சொன்ன தாள் யோசனை நல்லது. அந்த மேஜையின் மறுபக்கத்திலிருந்து சிலது சொல்கிறேன்.

முதலில் ஒன்று. “நான் குறைவாகத்தான் போடுகிறேன்” என்று மட்டும் 17 வயதுப் பெண் சொன்னால், எங்கள் மனதில் வேறு ஒரு கவலையும் எழும். உடல் எடை குறைய வேண்டும் என்று இன்சுலினை வேண்டுமென்றே விடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது கீட்டோஅசிடோசிஸில், அதாவது இன்சுலின் போதாமல் இரத்தத்தில் அமிலம் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும் நிலையில், கொண்டுபோய் விடும், அதனால் அந்தக் கோணத்தில் கேள்வி கேட்பார்கள். கேட்டால் வருத்தப்படாதீர்கள். ஆனால் காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டால் பேச்சு நேரே உங்கள் விஷயத்துக்கு வந்துவிடும். யாருக்காவது எடை பற்றிய காரணமே உண்மையாக இருந்தால், அதையும் இதே மாதிரி சொல்லலாம். அதைக் கேட்கத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள்.

இரண்டாவது, மூணு மாச சராசரியை மட்டும் பார்த்து யாராலும் உங்கள் ராத்திரியைக் கண்டுபிடிக்க முடியாது. 8.8 என்றால் சராசரி சுகர் கிட்டத்தட்ட 205. அந்த 205 நாள் முழுக்க ஒரே சீராக இருந்ததா, பகலில் 150, ராத்திரியில் 260 என்று இருந்ததா என்பதை அது சொல்லாது. உங்கள் சென்சாரில் 14 நாள் அறிக்கை ஒன்று இருக்கும். ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் கிடைமட்டமாகப் போட்டு, நடுவில் ஒரு கோடும் அதைச் சுற்றி நிழல் பட்டையும் காட்டும். அதை எடுத்துப் போங்கள். ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை விரல் வைத்துக் காட்டுங்கள். “இந்த இடத்தில்தான் டாக்டர், நானே ஏற்றி வைக்கிறேன்” என்று சொல்லுங்கள். படத்தைப் பார்த்துக்கொண்டு பேசும்போது இருவர் கண்ணும் ஒரே இடத்தில் இருக்கும். முகத்தை முகம் பார்த்துச் சொல்ல வராததெல்லாம் அப்போது வந்துவிடுவதை நான் தினமும் பார்க்கிறேன்.

மூன்றாவது, உங்கள் பயத்துக்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. மாலையில் ஓடியாடினால், விளையாடும்போது மட்டும் சுகர் இறங்குவதில்லை. ஏறக்குறைய 7 மணி முதல் 11 மணி நேரம் கழித்து உடம்புக்கு மறுபடியும் குளுக்கோஸ் தேவை கூடும். பதின்வயதினரை வைத்துச் செய்த ஆய்வில் பார்த்தது இது. ஐந்து மணிக்கு ஆடினால் நடுராத்திரியிலிருந்து நாலு மணி வரை. உங்களுக்கு விழிப்பு வந்தது பெரும்பாலும் அந்த நேரமாகத்தான் இருக்கும். ஆட்டம் உள்ள நாளுக்கும் இல்லாத நாளுக்கும் ஒரே அளவு இன்சுலின் பொருந்தாமல் போக இடம் உண்டு. டாக்டருக்கு நீங்கள் கால்பந்து ஆடுவது தெரியுமா? எந்தெந்தக் கிழமை என்று தெரியுமா? எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று, உங்கள் வயதில் எண்கள் இறங்க மறுப்பது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. டிசிசிடி என்று ஒரு பெரிய ஆய்வு, 1983இல் தொடங்கி 1993இல் முடிவு வந்தது. தீவிர இன்சுலின் சிகிச்சை கண்ணையும் சிறுநீரகத்தையும் காக்கிறது என்று காட்டியது அதுதான். அதே சிகிச்சை, அதே கவனிப்பு கிடைத்தும் 13 முதல் 17 வயது வரை இருந்தவர்களின் சராசரி 8.1 பக்கம் நின்றது. பெரியவர்களுக்கு 7.1. கடுமையான லோவும் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வந்தது. அன்றைக்கு இன்றைய இன்சுலின்களும் சென்சாரும் இல்லை என்பது உண்மை. ஆனால் பருவ வயதில் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினின் வேலையைத் தடுப்பது இன்றும் மாறவில்லை. இதைக் கேட்டால் உங்கள் அம்மாவுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

தனியாகப் பேச நேரம் கேளுங்கள். அது உங்கள் உரிமை மாதிரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். இளையோர் நீரிழிவுக்கான சர்வதேசச் சங்கமான இஸ்பாட், பதின்வயதினர் ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரமாவது தனியாக டாக்டரிடம் பேச வேண்டும் என்கிறது. மது, கருத்தடை, வண்டி ஓட்டுவது, மனச்சோர்வு, இதையெல்லாம் அம்மா அப்பாவை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை கேட்கும்? தனியாகப் பேச ஆரம்பிக்கும்போதே, “நான் சொல்வதில் எது இந்த அறைக்குள் இருக்கும், எதை வீட்டில் சொல்வீர்கள்?” என்று கேட்டுவிடுங்கள். அந்த விதி இடத்துக்கு இடம் மாறும். உயிருக்கு ஆபத்து என்றால் எங்கேயும் சொல்லியே ஆக வேண்டியிருக்கும்.

இரவுப்பறவை:

பதில் சொன்னவர்களுக்கு ரொம்ப நன்றி. அந்த 7 மணி முதல் 11 மணி நேரம் என்பதைப் படித்ததும் அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் அது என் மனப்பிரமை என்று நினைத்திருந்தேன். கால்பந்து பற்றி டாக்டருக்குத் தெரியாது. “விளையாட்டு உண்டா?” என்று முதல் வருடம் கேட்டார், அப்போது இல்லை என்று எழுதியது அப்படியே இருக்கும்.

ஆனால் அம்மாவை வெளியே போகச் சொல்வது எப்படி? என் சென்சார் அவர் போனிலும் தெரியும். பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் “பதினோரு மணிக்கு 240 இருந்ததே, என்ன சாப்பிட்ட?” என்பார். எனக்காகத்தான் கேட்கிறார் என்று தெரியும். அவரை வெளியே உட்காரச் சொன்னால் நான் ஏதோ மறைக்கிறேன் என்றுதான் நினைப்பார்.

இரண்டுமணிஅலாரம்:

மகளே, நான் ஒரு அம்மா. என் மகனுக்குப் பதினைந்து வயது. அம்மாவை வெளியே போகச் சொல்லும் வேலையை நீ செய்யாதே. அதை கிளினிக் செய்ய வேண்டும். முன்கூட்டியே செவிலியிடம் போன் பண்ணியோ மெசேஜ் போட்டோ சொல்லிவிடு. “இனிமேல் எல்லாப் பிள்ளைகளிடமும் முதல் பத்து நிமிடம் தனியாகப் பேசுவோம், அப்புறம் உங்களைக் கூப்பிடுவோம்” என்று அவர்கள் வாயால் வரட்டும். எங்கள் கிளினிக்கில் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். எல்லாருக்கும் பொதுவான வழக்கம் என்றதும் எனக்கு மனத்தாங்கல் வரவில்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அந்த நேரம் நீளமாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து அவன் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இருந்ததில்லை.

இன்னொரு விஷயம். என் பெயரைப் பார்த்தாயா? ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அவன் சென்சாரைப் பார்த்துவிட்டு, மூச்சு சீராக வருகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் மறுபடியும் படுப்பேன். இதை நான் அவனிடம் சொன்னதில்லை, அவன் பயந்துவிடுவான் என்று. உன் அம்மாவும் எழுந்து பார்ப்பவராகத்தான் இருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. பகலில் 240க்குக் கோபப்படுகிற அதே அம்மா ராத்திரி 70க்கு நடுங்குவாள். உனக்கு இருக்கும் பயம் அவருக்கும் இருந்தால், நீ குறைத்துப் போட்டதைக் கேட்டு முதலில் கோபம் வந்தாலும், காரணம் கேட்டதும் அவர் உன் பக்கம் வந்துவிடுவார். 41 வந்த ராத்திரியை அவரிடம் சொல்லவே இல்லையா? அதைச் சொல்லும்மா. டாக்டரிடம் சொல்வதற்கு முன்போ பின்போ, அது உன் விருப்பம். ஆனால் அவருக்கு அது தெரிய வேண்டும். ராத்திரி உனக்கு மூடி திறக்காவிட்டால் வந்து திறக்கப் போகிறவர் அவர்தான்.

வாசலில் வைத்து எண்ணைக் கேட்பது பற்றி: எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு தடவை, இருவரும் சேர்ந்து பார்ப்போம். அவசர லோ அலாரம் வந்தால் தவிர மற்ற நேரத்தில் நான் கேட்பதில்லை. இந்த ஏற்பாட்டை நான் சொல்லி அவன் கேட்கவில்லை, அவன் சொல்லி நானும் கேட்கவில்லை. செவிலி சொன்னார், இருவரும் கேட்டோம்.

வெறும்காகம்:

எனக்கு 20 வயது. எல்லா டாக்டரும் தாளைப் படிப்பார்கள் என்று நம்பிவிடாதீர்கள். நான் எழுதிக் கொடுத்தேன். “அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்” என்று ஃபைலுக்குள் வைத்துவிட்டார். அடுத்த தடவை அந்தத் தாளும் இல்லை, டாக்டரும் வேறு. பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே என் வரலாறு எதுவும் போய்ச் சேரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து. அதற்கப்புறம் ஒரு வருடம் நான் போகவே இல்லை.

பழையபேனா:

தம்பி, நீங்கள் சொல்வது உண்மை, அதை மறைத்துப் பயனில்லை. குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும் அந்த இடத்தில்தான் நிறையப் பேர் கிளினிக் பக்கமே போகாமல் விட்டுவிடுகிறார்கள். தாளை இரண்டு பிரதியாக எழுதி ஒன்றை நம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். மாறுவதற்கு முன்னால் பழைய டாக்டரிடம் ஒரு பக்கச் சுருக்கம் கேட்டு வாங்க வேண்டும். உண்மையில் போடும் அளவு, கடைசியாகக் கடுமையான லோ வந்தது எப்போது, கண் பரிசோதனை எப்போது, சிறுநீர்ப் பரிசோதனை எப்போது. டாக்டர் கேட்கவில்லை என்றால் செவிலி, உணவு ஆலோசகர், அந்தக் குழுவில் யார் காது கொடுக்கிறாரோ அவரிடம் சொல்லலாம். அவர் சொன்னால் டாக்டர் காதில் ஏறும். ஆனால் போகாமல் மட்டும் இருக்காதீர்கள். இப்போது போகிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே ஒரு தேதி வாங்குங்கள் தம்பி.

மேஜைக்குஇந்தப்பக்கம்:

பிள்ளைகளுக்கான ஹார்மோன் மருத்துவராக இருக்கிறேன். முதலில் எச்சரிக்கை: இங்கே படித்ததை வைத்து யாரும் அளவை மாற்ற வேண்டாம். காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பிட முடியாத நாளில்கூட நீண்ட நேர இன்சுலினை நிறுத்தக் கூடாது. கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலம்) பார்த்து, உங்கள் குழுவைக் கூப்பிட வேண்டும்.

இரவுப்பறவை, நீங்கள் சொன்ன பிறகு என்ன நடக்கும் என்று தெரிந்தால் சொல்வது சுலபமாகலாம். நானாக இருந்தால் முதல் வேலையாக 26ஐ அடித்துவிட்டு 20 என்று எழுதுவேன். உங்கள் உடம்புக்கு எவ்வளவு தேவை என்று எனக்குச் சொல்லக்கூடிய ஒரே உண்மையான எண் அதுதான். இத்தனை நாள் எழுதிய 22, 24, 26 எல்லாம் யாருக்கோ எழுதியது. அப்புறம் ஆட்டம் உள்ள ராத்திரி, இல்லாத ராத்திரி என்று இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் உள்ள சாப்பாட்டு ஊசி, படுக்கும்போது எவ்வளவு இருந்தால் போதும், இதெல்லாம் பேசி முடிவு செய்ய வேண்டியது. 200ஐ ஒரே நாளில் விட்டுவிடச் சொல்ல மாட்டேன். கொஞ்சம் இறக்கி, அங்கே சில வாரம் பயமில்லாமல் தூங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடியும் கொஞ்சம்.

சென்சார் அலாரம் எந்த எண்ணில் வைத்திருக்கிறீர்கள்? பலருக்கு 70இல் இருக்கும். ராத்திரிக்கு அதைவிடக் கொஞ்சம் மேலே வைத்தால், தெளிவாக இருக்கும்போதே எழுந்து சாப்பிட நேரம் கிடைக்கும். சென்சார் பார்ப்பது இரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திரவத்தை. சுகர் வேகமாக இறங்கும்போது சில நிமிடம் பின்தங்கும். சென்சார் உள்ள கையின் மேலேயே படுத்தாலும் பொய்யாக லோ காட்டும். ராத்திரி அலாரங்களில் எது உண்மை, எது பொய் என்று தெரியாததால் அலாரத்தையே அணைத்துவிடும் பிள்ளைகள் உண்டு. நீங்களும் அணைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், சென்சாரை வேறு இடத்தில் ஒட்டிப் பார்க்கலாம். சென்சாரோடு இணைந்து, சுகர் இறங்கப் போகிறது என்று தெரிந்ததும் இன்சுலினைத் தானே குறைக்கும் பம்ப்களும் இருக்கின்றன. கிடைக்குமா, கட்டுப்படியாகுமா என்பது வேறு பேச்சு. ஆனால் ராத்திரி பயம் என்ற காரணம் கோப்பில் இருந்தால்தான் அந்தப் பேச்சே ஆரம்பிக்கும்.

வீட்டில் குளுக்ககான், அதாவது சுகரை ஏற்றும் அவசர மருந்து, இருக்கிறதா என்று பாருங்கள். ஊசியாகவும் வருகிறது, மூக்கில் அடிப்பதாகவும் வருகிறது. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அதற்குத்தான் இது. அம்மாவுக்கு அதைப் போடத் தெரிந்தால் உங்கள் பயத்தில் ஒரு பங்கு குறையும்.

லோ பயத்தை அளப்பதற்கென்றே 1987இல் ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார்கள். பின்னால் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தனித்தனி வடிவங்கள் வந்தன. அவ்வளவு பேருக்கு இருக்கிற விஷயம். என் சக மருத்துவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களிடம் ஒரு வேண்டுகோள். சராசரி ஏறியிருக்கும் பிள்ளையிடம் “ஏன் ஏறியது?” என்று கேட்டால் பதில் வராது. “போன தடவை நான் எழுதியதில் எது நடைமுறையில் முடியவில்லை?” என்று கேளுங்கள். “எல்லாருக்கும் சில ஊசி விட்டுப்போகும், உனக்குப் போன வாரம் எத்தனை?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருங்கள். அளவைக் கூட்டி எழுதுவதற்கு அரை நிமிடம் போதும். அந்தக் கூட்டிய அளவை அந்தப் பிள்ளை போடுகிறதா என்று தெரியாமல் எழுதுவதில் எனக்குத் துளியும் சம்மதமில்லை.

இரவுப்பறவை:

நேற்று அம்மாவிடம் அந்த ராத்திரியைப் பற்றிச் சொன்னேன். 20 யூனிட் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவர் எதுவும் பேசாமல் குப்பியை எடுத்துப் போய், மூடி இல்லாத சின்ன டப்பா ஒன்றில் மாத்திரைகளை மாற்றித் தலைமாட்டில் வைத்தார். செவிலிக்கு மெசேஜ் போட்டுவிட்டேன், தனியாகப் பேச நேரம் தருவதாகப் பதில் வந்தது. தாளில் இப்படி எழுதியிருக்கிறேன், சரியா என்று பாருங்கள்:

“டாக்டர், போன வருடம் கால்பந்து ஆடிய ஒரு ராத்திரி எனக்கு 41 வந்தது. குளுக்கோஸ் குப்பியின் மூடியைத் திறக்கத் தெரியாத அளவுக்குக் குழம்பியிருந்தேன். யாரையும் கூப்பிடவில்லை. அதிலிருந்து 200க்குக் கீழே இருந்தால் தூங்கப் பயமாக இருக்கிறது. அதனால் படுக்கும்போது சாப்பிட்டு ஏற்றுகிறேன். ராத்திரி இன்சுலின் 20 யூனிட்தான் போடுகிறேன். எடைக்காக அல்ல. திங்கள், புதன், வெள்ளி மாலை ஐந்து முதல் ஆறரை வரை ஆடுகிறேன். ஆட்டத்தை விட எனக்கு விருப்பமில்லை. பயமில்லாமல் தூங்க வேண்டும். அளவை ஏற்றுவதற்கு முன்னால் இதைப் பற்றிப் பேச முடியுமா?”

மேஜைக்குஇந்தப்பக்கம்:

நல்ல தாள். ஒரே ஒரு மாற்றம்: 20 யூனிட் என்ற வரியை முதல் வரியாக்கி, “சீட்டில் 26, நான் போடுவது 20” என்று இரண்டு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். நடுவில் யாராவது கதவைத் தட்டிப் பேச்சு நின்றுவிட்டாலும் அது மட்டும் படிக்கப்பட்டிருக்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து 20 என்பது நினைவிருந்தால் அதையும் போடுங்கள்.

வெள்ளைத்தொப்பி:

ஊசி போடும் இடங்களையும் காட்டுங்கள். ஒரே இடத்தில் போட்டுப் போட்டுத் தடித்திருந்தால் இன்சுலின் ஒரு நாள் மெதுவாக, ஒரு நாள் வேகமாக இறங்கும். புது அளவு எழுதும் முன் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் செவிலியிடமே, “என் ஊசி இடங்களைப் பார்க்கிறீர்களா?” என்று கேளுங்கள். அதற்குத் திரை போட்டுத்தான் பார்ப்பார்கள், அந்த நேரமும் தனியாகப் பேச உதவும்.